தொப்பி ஆடும் சத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும், உண்மையோ பொய்யோ முதல் வரி அதுதான் என்று உன் அப்பா சொல்வார், அதனால் எழுதிவிட்டேன். நீ அங்கே நல்லபடியாக இருந்து வேளைக்குச் சாப்பிட்டாலே எனக்குப் போதும். போன் இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று கேட்பாய். போனில் வாயைத் திறந்தாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் உடனே சரிம்மா, சரிம்மா, அழாதேம்மா என்கிறாய், அதோடு சொல்ல வந்தது போய்விடுகிறது. எழுதும்போது அழுதால் கண்ணைத் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதலாம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த படிப்பு உனக்குத் தெரியாததா.

சலவைக்கூடத்தில் என்னை மறுபடி இஸ்திரி மேசைக்கே மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகள்தான், நின்றுகொண்டே வேலை, சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது, ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். புதிதாக வந்திருக்கும் மேற்பார்வைக்காரி நல்லவள், நான் மடித்த விரிப்பையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு நின்றால் பார்க்காத மாதிரிப் போய்விடுகிறாள். எதிர்வீட்டுத் தையல்காரி தினமும் எட்டிப் பார்க்கிறாள். நீ விட்டுப்போன நீலக் கோட்டுக்குப் பட்டன் வைத்துக் கொடுத்தாள், அதை நான்தான் போட்டுக்கொள்கிறேன், கை நீளமாக இருக்கிறது, மடித்துவிட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். இனிமேல் எழுதப் போவதுதான் முக்கியம். அப்பாவின் காரியங்கள் முடிந்து நீ திரும்பிப் போன அன்று டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, கடைசி வரைக்கும் அவர் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலையேம்மா என்று. நேரமாச்சு, கிளம்பு என்று நான் கதவைச் சாத்தினேன். அதற்குப் பதில் இப்போது இருக்கிறது. ஆனால் அதை அடுப்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னால்தான் உனக்குப் புரியும், பொறுமையாகப் படி, நடுவில் தாவாதே.

நம் கூடத்து விறகு அடுப்பை நான் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. சமையல் அடுப்பு எனக்கு, அந்த இரும்பு அடுப்பு அவருக்கு என்று பாகம் பிரித்த மாதிரி இருந்தது. நான் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு கிட்டே போனாலே, இது என் வண்டி, ஸ்டியரிங்கைத் தொடாதே என்பார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷனுக்கு ஓட்ட ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, நானும் விட்டுவிட்டேன். அவர் போன பிறகு குளிர் இறங்கியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் கிட்டியது, சரி என்று ஒரு சாயங்காலம் நானே காகிதமும் சுள்ளியும் வைத்துப் பற்றவைத்தேன். பற்றிக்கொண்டது. அப்புறம்தான் புகைபோக்கி பேச ஆரம்பித்தது. முதலில் டிக் டிக் என்றது, யாரோ நகத்தால் சுண்டுகிற மாதிரி. பிறகு உள்ளே சரசரவென்று எதுவோ இறங்கியது. பிறகு ஹோ என்று ஒரு இரைச்சல், பழைய பஸ் மேட்டில் ஏறத் திணறுகிற மாதிரி. கையில் நெருப்புக் கிளறும் கம்பி, ஒரு காலில் மட்டும் செருப்பு, அப்படியே எதிர்வீட்டுக்கு ஓடினேன். தையல்காரி உதட்டில் குண்டூசியோடு வந்து பார்த்தாள். அடுப்புக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கே, இத்தனை காத்தைக் குடிச்சா அது கத்தாம என்ன செய்யும், புருஷன் வாயை அடைக்கத் தெரிஞ்ச உனக்கு அடுப்பு வாயை அடைக்கத் தெரியலையாக்கும் என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன், அவர் போன பிறகு முதல் தடவையாக, சிரித்து முடிக்கும் முன்னே அவள் தோளில் சாய்ந்து அழுதும் விட்டேன். சலவைக்கூடத்தில் எந்த மெஷின் என்ன சொல்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் டிரம் எப்படி இடிக்கும், பெல்ட் தேய்ந்தால் எப்படிக் கீச்சிடும் எல்லாம் அத்துப்படி. சொந்த வீட்டுப் புகைபோக்கி பேசுவது மட்டும் எனக்குப் புரியவில்லை.

நீ போனில், அதைத் தூக்கி எறிஞ்சிட்டு ஹீட்டர் வாங்கும்மா, இல்லேன்னா ஆளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் ஒழுங்கா ரிப்பேர் பண்ணு என்றாய். தூக்கி எறிய மனசு வரவில்லை, அதனால் புகைபோக்கி துடைக்கிறவரை வரச் சொன்னேன். தையல்காரிதான் ஆளைப் பிடித்துக் கொடுத்தாள், அவளுக்கு ஏதோ தூரத்துச் சொந்தமாம். நெட்டை ஆள், தலை முதல் கால் வரை கரி, வாய் மட்டும் ஓயாது. படியேறும்போதே, அக்கா, நான் கைவச்ச புகைபோக்கி அப்புறம் மூச்சுவிடாது, அவ்வளவு சுத்தமா இருக்கும் என்றார். மூச்சுவிடாமல் இருப்பது நல்ல விஷயம் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். துடைப்பதற்கு முன்னால் கொஞ்சம் நெருப்புப் போடச் சொல்லி, டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். டிக் டிக் என்றது வெறும் தகரம் சூட்டில் நீளுகிற சத்தமாம், ஆறும்போது சுருங்கி மறுபடி அதே சத்தம் போடுமாம், காலையில எழுந்திரிக்கும்போது நம்ம முட்டி பேசுதே, அதைப் போலத்தான்க்கா என்றார். சரசரவென்று இறங்குவது உள்ளே காய்ந்து உரிகிற கரி. உஸ்ஸென்று சீறினால் விறகு ஈரம், கட்டைக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகுது, வெயில்ல போடுங்க என்றார். ஹோ என்ற இரைச்சல் கதவைச் சாத்திக் காற்றுத் துவாரத்தைக் குறைத்தால் அடங்கிவிடுமாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. சாத்தின பிறகும் அடங்காம, ரயில் வர்ற மாதிரி குழாயே அதிர்ந்தா உள்ளே கரிப்பிசின் தீப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம், காத்தை முழுசா அடைச்சிட்டு போனை எடுத்துக்கிட்டு வெளியே ஓடிடுங்க, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்க, கோட்டைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க என்றார். அதை நான் கெட்டியாக மனசில் போட்டுக்கொண்டேன், நீ பயப்படாதே. ஆனால் அவருக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. உள்ளே எதுவோ பிறாண்டுகிறதே என்றேன், பறவைக் கூடுதான், அடிச்சுச் சொல்றேன் என்றார், பிரஷ் விட்டு இழுத்தால் இலையோடு காய்ந்த ஒரே ஒரு குச்சி வந்து விழுந்தது. கூடு கட்டத்தான் கொண்டாந்திருக்கு, அப்புறம் மனசு மாறியிருக்கும் என்று சமாளித்தார், தையல்காரி அவரை விடவே இல்லை, அந்தப் பறவை உங்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும் என்று வாரிக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து வெளியே காற்று எழுந்தது, மேலே டக், டக டக என்றது. இது என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்கு அது மட்டும் தெரியும். அவரே, அது உங்க தொப்பிக்கா, லூசா இருக்கு என்றார்.

மழை உள்ளே விழாமல் குழாய் உச்சியில் கவிழ்த்திருக்கும் அந்தத் தகரத் தொப்பியை வைத்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள். அவருக்கு முட்டி வலி, ஏற முடியாது, நீ விறுவிறுவென்று ஏறினாய், அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கூரையேறிக் குரங்கே, இன்னும் ஒரு திருப்பு, இன்னும் ஒரு திருப்பு என்று கத்தினார், நீ இறுக்கியாச்சுப்பா, இறுக்கியாச்சு என்று இறங்கிவிட்டாய். பஸ் டிப்போ ஆபீசில் உனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார், நீ அது வேண்டாம், தூர ஊர் வேலைதான் வேண்டும் என்றாய், அந்தக் கோபம் இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. மறுநாள் காலையில் காற்றடித்தது, தொப்பி ஆடியது. நீ பையோடு வாசலில் நிற்கிறாய், அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அரைகுறையா வேலை பார்க்கிறவ அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப் போறா என்றார். நீ கேட்டுவிட்டாய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். அந்தப் பேச்சு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நீ போன் செய்தால், இந்தா, உன் பொண்ணு என்று என்னிடம் நீட்டிவிடுவார். நீயும் அப்பா எப்படி இருக்கார் என்று என்னிடம்தான் கேட்பாய், ஒரு தடவையாவது அவர்கிட்ட கொடும்மா என்று சொன்னதில்லை. ரத்தம் ஒன்றுதானே, பிடிவாதமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

நீ போன பிறகு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. காற்றடித்துத் தொப்பி டக டக என்றால் போதும், உன் பொண்ணு கூப்பிடுறா, போய் எடு என்பார். ஒவ்வொரு தடவையும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். போன பிள்ளையை இன்னும் ஏன் குத்திக்கிட்டே இருக்கீங்க, முடிஞ்சா ஏறி இறுக்குங்க, முடியாட்டி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க என்று சண்டை போட்டேன். தொப்பி பறந்து சந்தில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுமோ என்று வேறு எனக்குப் பயம், அதையும் சொன்னேன். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தால் கால்சட்டை கிழிந்து, முழங்காலுக்குக் கீழே சிராய்த்து, மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு கூரையில் ஏறியிருக்கிறார். நான் கத்திய கத்தலுக்கு இறுக்கியாச்சு என்று ஒரே சொல்தான் சொன்னார். அன்று சாயங்காலமே காற்று வந்தது, தொப்பி முன்னைப் போலவே ஆடியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே கை, இறுக்கியாச்சு இறுக்கியாச்சுன்னு வாய் மட்டும்தான் என்றேன். அவர் வேலையை யாராவது குறை சொன்னால் எப்படித் துள்ளுவார், உனக்குத் தெரியும். அன்று துள்ளவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காய் நறுக்கப் போய்விட்டேன். இன்னொன்றும் செய்வார். தொப்பி ஆடி ஓய்ந்ததும் கிளறுகிற கம்பியை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் குழாயை டொக் டொக் என்று இரண்டு தட்டுவார். கரி உதிர்வதற்குத் தட்டுகிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன், அந்த இடத்தில் குழாய் நசுங்கியே போயிருக்கிறது. காற்றில்லாத நாட்களில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இன்னிக்கு ஒண்ணையும் காணோமே, அங்கே மேலுக்கு முடியலையோ என்னவோ, எதுக்கும் ஒரு போன் போட்டுப் பாரேன் என்பார். நான் போடுவேன். உடம்பு நல்லாருக்கா, காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே என்று கேட்பேன், என்னம்மா திடீர் திடீர்னு இதையே கேக்குறே என்று நீ அலுத்துக்கொள்வாய். மகளே, அதெல்லாம் நான் கேட்டது இல்லை.

புகைபோக்கிக்காரர் மேலே ஏறினார். அப்பா நின்ற அதே இடத்தில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தையல்காரி பக்கத்தில் நின்று இரண்டு பேருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து குரல் வந்தது, அக்கா, போல்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒரு திருப்புதான் பாக்கி, இறுக்கிடவா என்று. எனக்குக் கை விறைத்துப்போயிருந்தது, எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணு என்று நீ சொன்னதும் காதில் இருந்தது, இறுக்குங்க என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, இது யாரு பார்த்த வேலைக்கா, விசித்திரமா இருக்கே என்றார். தொப்பி பறந்துடக் கூடாதுன்னு பிரேக் கேபிளைச் சுத்திச் சுத்தி முறுக்கிக் குழாயோட கட்டியிருக்கு, புயலே வந்தாலும் பிடுங்கிக்கிட்டுப் போகாது, இவ்வளவு மெனக்கெட்ட மனுஷன் பக்கத்துலயே இருக்கிற போல்ட்டை ஒரு திருப்புத் திருப்பாம விட்டிருக்காரே என்றார். மறந்திருப்பாரு என்றாள் தையல்காரி. மறந்தவரு அந்த போல்ட்டுக்குத் துருப்பிடிக்காம கிரீஸ் தடவுவாரா, வேணும்னேதான் ஆட விட்டிருக்காரு என்றார் அவர். அந்தக் கேபிள் கம்பியோட முனையை உள்ளே மடிச்சு விட்டிருக்கா என்று கேட்டேன். ஆமாக்கா, எப்படிச் சொல்றீங்க என்றார். நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன். நம் கேட்டின் கொண்டியிலும், என் வாளியின் பிடியிலும், உன் படிக்கிற மேசைக் காலிலும் டிப்போவிலிருந்து அவர் கொண்டுவந்த அதே கம்பிதான், துணி மாட்டிக் கிழியக் கூடாது என்று அதே மாதிரி உள்பக்கமாக மடித்த முனைதான். விழவும் கூடாது, பேசாமலும் இருக்கக் கூடாது என்று கட்டியிருக்கிறார்.

மறுபடி ஏறிக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஏணியை மடக்கிவிட்டார், இனிமே சத்தம்னு ஒண்ணு வந்தா என்னைக் கேளுங்க என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார், தையல்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பணம் வாங்கிக்கொண்டு சத்தத்தை நிறுத்தியவரிடம் அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது. வெட்கமாக இருந்தது, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நேற்றுப் பெருங்காற்று. தையல்காரியின் கடைப் பலகை ஆடுகிறது, சந்தில் வாளிகள் உருள்கின்றன, நம் புகைபோக்கி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் அவர் நாற்காலியில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதற்கு என்று தட்டுவது. அவர் போன அன்றுகூட இந்த வீடு இவ்வளவு அடங்கிக் கிடக்கவில்லை.

அவர் கூப்பிடவில்லை என்று இனிமேல் நினைக்காதே. நீ கூப்பிடுகிறாய் என்றே அவர் வைத்துக்கொண்டார், ஒவ்வொரு தடவையும் பதிலும் சொன்னார், அந்த இரண்டு தட்டு உன் காதுக்கு வர வழியில்லை, அவ்வளவுதான். வழியாக இருந்தவள் நான். அப்பா உன்னைத் தொப்பியைச் சொல்லிக் கிண்டல் பண்ணுகிறார் என்று சொன்னால் உன் மனசு புண்படும் என்று மறைத்துவிட்டேன், கிண்டல் என்றே கடைசிவரை நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய், என்னைவிட உனக்கு அவரைத் தெரியும். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கூரையேறத் தெரிந்த மனுஷனுக்கு, உட்கார்ந்த இடத்தில் போன் பட்டனை அமுக்கத் தெரியவில்லையே. யாரிடம் போய்ச் சண்டை போடுவேன். அடுப்பிடம்தான் போடுகிறேன்.

அதனால் ஹீட்டர் பேச்சை விட்டுவிடு. உனக்கு லீவு கிடைக்கும்போது வா. அவசரமில்லை, மழை ஓய்ந்து கூரை காய்ந்திருக்கும்போது வந்தால் போதும், ஈரத்தில் உன்னை ஏற விடமாட்டேன். சொன்னால் அந்தப் புகைபோக்கிக்காரரே தளர்த்திவிடுவார், ஆனால் வேறு கை வேண்டாம். நீ விட்டுப்போன அளவுக்குத் தளர்த்த வேண்டும், அது எவ்வளவு என்று உன் கைக்குத்தான் தெரியும். அப்பா கட்டிய கம்பி அப்படியே இருக்கிறது, தொப்பி எங்கும் போகாது. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், இன்னும் ஒரு திருப்பு என்று கீழேயிருந்து கத்த மாட்டேன்.

நீ எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் அது ஒழுகாமல் இருக்கட்டும். எடுத்த வேலை உனக்குக் கைகொடுக்கட்டும். உன்னைப் பார்த்து அரைகுறை என்று சொன்னவர் அந்த அரைகுறைக்குக் கிரீஸ் தடவிக் காப்பாற்றி வைத்திருந்தார் என்பது உனக்கு எப்போதும் நினைவிருக்கட்டும். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காலுறை போடாமல் தூங்காதே. வரும்போது ஸ்பேனர் வாங்கி வராதே, அவருடையது கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

ஏணியின் கீழே காத்து நிற்கும்
உன் அம்மா